உக்காந்து பார்க்கிற வேலை

காலை ஏழு மணிக்கு எம். புதுப்பட்டித் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தால், குடிக்கிற காப்பியை வைத்துவிட்டு ஏறியாக வேண்டும். மகேஷ்குமார் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அவன் மனைவி பாண்டிலட்சுமி அதே கம்பெனியில் பதினான்கு வருசமாகத் தரையில் குனிந்து உட்கார்ந்து, கம்பி மத்தாப்பைப் பத்துப் பத்தாகப் பெட்டியில் அடுக்குகிறவள். தண்டுவடத்துச் சவ்வு விலகி, மதுரையில் ஆபரேசன் செய்து, முதுகில் ஸ்க்ரூ வைத்து, வீடு திரும்பிப் பதினெட்டு நாள்தான் ஆகிறது.

“கிளம்புட்டி, தீவாளி லோடு நிக்கிது,” என்றான் மகேஷ்குமார்.

“மூணு மாசத்துக்குக் குனியக் கூடாது, தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லங்க?”

“உன்னைய என்ன மூட்டையா தூக்கச் சொன்னேன்? சும்மா உக்காந்திருக்கிற வேலதான. இங்கன உக்கார்றத அங்கன வந்து உக்காரு!”

பார்த்தீர்களா நியாயத்தை! மூட்டை சுமந்தால்தான் வேலையாம். நாள் முழுக்க முதுகை வளைத்துத் தரையில் கிடந்தால் அது ஓய்வாம். ஃபோர்மேன் பெண்டாட்டியே வராவிட்டால், சீசன் நேரத்தில் மற்ற பெண்களும் லீவு கேட்பார்களே என்ற பயம் வேறு அவனுக்கு. அவள் வேனில் ஏறினாள்.

ஐந்தாம் நாள் முதுகுக் கட்டு நனைந்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. எதிர்வீட்டு நர்ஸ் ஷைலா கட்டைப் பிரித்துப் பார்த்ததும் பதறிப்போனாள்.

“அண்ணே, சீழ் பிடிச்சிருக்கு. இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ள ஸ்க்ரூ வரைக்கும் பரவிருச்சுன்னா திரும்ப அறுக்கணும்.”

“அட நீங்க ஒண்ணு! ஷெட்டுல ஃபேன் கிடையாதுல்ல, அதெல்லாம் வேர்வ. லோடு ஏறட்டும், ஞாயித்துக்கிழம போறோம்.”

ஆஸ்பத்திரியிலிருந்து நலம் விசாரித்துப் போன் வந்தபோதும், “அவ வேலைக்கே போறான்னா பாத்துக்கோங்களேன்!” என்று பெருமையடித்தான் அந்த மகராசன். பாண்டிலட்சுமி பக்கத்தில்தான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

சனிக்கிழமை லோடு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலை அவளால் இரண்டு காலையும் அசைக்க முடியவில்லை. சிறுநீர் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஆபரேசனில் சீழைக் கழுவினார்கள். பத்தாம் நாள் மூன்றாவது ஆபரேசனில் ஸ்க்ரூவையே கழற்றினார்கள். உயிர் மிஞ்சியது. கால் போனது போனதுதான்.

தீபாவளியன்று ஷைலா வந்து அவளுக்குக் கட்டு மாற்றி, வீல்சேரில் தூக்கி உட்காரவைத்தாள். கம்பெனி கொடுத்த இனிப்புப் பெட்டியோடு மகேஷ்குமார் எதிரில் வந்து நின்றான்.

“ரொம்பக் கஷ்டமா இருக்காடி?”

“எனக்கென்ன கஷ்டம்?” என்றாள் பாண்டிலட்சுமி. “சும்மா உக்காந்திருக்கிற வேலதான.”

அவன் தலையிலடித்துக்கொண்டு அழுதான். ஷைலாவுக்கு இரக்கம் வரவில்லை.

“இப்ப அழுது என்னண்ணே செய்ய? ஆபரேசன் டாக்டர் கையில. புண்ணு ஆறுற வரைக்கும் அந்த முதுகு, வீட்டு ஆளுக கையில. ஓய்வுன்னு சொன்னா ஓய்வு குடுக்கணும். காய்ச்சலோ சீழோ வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இத உங்க கம்பெனி ஆம்பளைக ஒவ்வொருத்தர்ட்டயும் நீங்களே சொல்லணும்.”

“சொல்றேம்மா. சத்தியமாச் சொல்றேன்.”

“சொல்லுங்க,” என்றாள் பாண்டிலட்சுமி, அவன் முகத்தைப் பார்க்காமல். “அவுக பொண்டாட்டிகளாவது எந்திரிச்சு நடக்கட்டும்.”