மீதமுள்ள ஆண்டுகள்

அறிக்கை வெளியாக எட்டு நாள் இருக்கும்போது அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியைப் பார்க்கப் பேருந்து ஏறினாள். புள்ளியியல் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம். இதுவரை ஒரு எண்ணைக்கூட முன்கூட்டி வெளியே சொன்னவள் இல்லை.

இந்த வருஷம் அவள் தலையில் விழுந்தது நிலக்கரிக் கணக்கு. தோண்டி விற்றதையெல்லாம் வருமானம் என்று நாடு எழுதிக்கொள்கிறது. மண்ணுக்குள் இருப்பு அந்த அளவு குறைந்துபோனதை யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறைவுக்கு விலை போட்டுக் கழித்தபோது நாலு சதவீத வளர்ச்சி அரை சதவீதமாகச் சுருங்கியது. அதற்குக்கூட அவள் கலங்கவில்லை. ஒவ்வொரு சுரங்கமும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரு பட்டியல் உண்டு. தம்பி வேலை பார்க்கும் சுரங்கத்துக்கு, சென்ற வருஷ அறிக்கையில் இருபத்திரண்டு. புது ஆய்வின்படி ஏழு. மூன்று முறை சரிபார்த்தாள். எண் அசைந்து கொடுக்கவில்லை.

தம்பி அந்த ஊரில்தான் வீடு வாங்கப்போகிறான். வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு. சுரங்கம் மூடினால் அங்கே வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நேராக அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப்போனான். சமையலறையில் அவன் மனைவி அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி, ஜன்னலப் பாருங்க, ரெண்டு பக்கமும் காத்து!"

கொல்லைப்புறம் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீடு வேணாம்டா. ஏழு வருஷம்தான், அப்புறம் இங்க கரி இல்ல. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

அவன் அதிரவில்லை. "உங்க ஆபீசுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா? கீழ இறங்குறவனக் கேட்டிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருப்பான். வெறும் கல்லும் மண்ணுமாத்தான் வருது."

"தெரிஞ்சுமா வாங்குற?"

அவன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். "ஏழு வருஷம் எனக்கு ரொம்பக்கா. டாக்டர் மூணுதான் சொல்லியிருக்காரு. நுரையீரல் பூரா தூசியாம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "கம்பெனி வீட்டுல நான் இருக்கிற வரைக்கும்தான் விடுவாங்க. அப்புறம் இவ எங்க போவா? விக்கிறதுக்கா வாங்குறேன்?"

"நான் இல்லையாடா?"

"உனக்கே ஒரு ரூம்தானேக்கா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் வாயத் திறந்துடாத."

அக்கா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

"மாடியக் காட்டினீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதோ!" என்று அவன் முன்னால் ஏறினான். நாலாவது படியில் நின்றுவிட்டான். சுவரில் கையை ஊன்றி, காரையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பவன்போல அங்கேயே நின்றான். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

"பூச்சு... நல்லா இருக்குல்லக்கா?"

"நல்லா இருக்குடா," என்றாள், ஒரு படி கீழே நின்று, அவனுக்கு மூச்சு திரும்பும்வரை அந்தச் சுவரையே பார்த்தபடி.