கூண்டு திறந்தவர்

கிரகணத்தில் நிலா முழுவதும் கறுத்துப்போன மறுநாளே ராஜாவின் வேட்டை அதிகாரி குர்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ராஜாவின் வேட்டைக்காக என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளும் சிங்கக் கூண்டுகள் பக்கம்கூடப் போகாமல், நேரே அடுப்படியில் உட்கார்ந்து பீர் கேட்டார்.

"குறி ஒண்ணும் சரியில்ல ரெமுத். பூசாரிங்க ஆட்டை அறுத்து ஈரல்ல குறி பாத்தாங்க, அதுவும் கெட்ட சேதிதான். நினிவே பட்டணம் பூரா முணுமுணுப்பு. ராஜா ஜனங்க முன்னாடி ஒரு சிங்கத்தைக் கொன்னு காட்டியே ஆகணும். உன் பெரிய சிங்கத்தை விடு."

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. "ஐயா, அது வேணாமே. கிழச்சிங்கம் ஒண்ணு இருக்கு, நல்ல கோபக்காரன்."

"பல்லு போனதையா ராஜா கொல்றது? அதுக்கு உன்னையே நிறுத்திடலாமே!" குர்தி சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "பெரிசு பாயணும். பாயலேன்னா உன் தலை இருக்காது."

அந்தப் பெரியதை ஆற்றங்கரை நாணலில் குட்டியாகக் கண்டெடுத்து, ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தவர் இவர். இப்போதும் காதைச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். குர்திக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து, அதற்கு வெறி ஏறட்டும் என்று இவர் கறி போடவில்லை. ஈட்டியால் குத்தியும் பார்த்தார்.

"நல்லாக் குத்துங்க!" என்றேன்.

"குத்தறேன்டி. அது விளையாட்டுன்னு நெனச்சு ஈட்டியை நக்குது."

வேட்டையன்று ஜனங்கள் வேடிக்கை பார்க்கும் மேட்டில் நிற்க இடமில்லை. சிங்கக் கூண்டின் தலைமேல் ஒரு சின்னக் கூண்டு. கதவைத் தூக்குகிறவர் அதற்குள் பத்திரமாக இருப்பார். பக்கத்து வீட்டு பானத் என்னை இடித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பவுசைப் பாருங்கக்கா! ராஜாவை விட உசரத்துல உக்காந்திருக்காரு!"

"வாயை மூடுடி," என்றேன்.

ராஜாவின் தேர் வந்து நின்றது. இவர் கதவைத் தூக்கினார். சிங்கம் வெளியே வந்து பிடரியை உதறியது. ஜனம் ஓவென்று கத்தியது. சிங்கம் தேரைப் பார்த்தது, வேட்டை நாய்களைப் பார்த்தது, பிறகு திரும்பிப் போய் இவருக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து இவர் முகத்தையே பார்த்தது.

எங்கோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

படுத்திருந்ததன்மேல்தான் ராஜா அம்பு விட்டார். அது எழுந்திருக்கவே இல்லை. பிறகு வழக்கம்போலச் செத்த சிங்கத்தின்மேல் மதுவை ஊற்றி, தெய்வங்களுக்கு நன்றி சொன்னார். ஒருவரும் இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தப்பிச்சோம், சாப்பிடுங்க," என்று ராத்திரி வீட்டில் ரொட்டியும் வெங்காயமும் வைத்தேன். அப்போது கதவு தட்டப்பட்டது. காவலாள் இல்லை, அரண்மனைச் சிற்பி. எனக்கு உயிர் வந்தது.

"வேட்டையைச் சுவர்ல செதுக்கப் போறோம்," என்று, மாதிரி பிடிக்க ஈரக் களிமண்ணைப் பிசைந்தபடி உட்கார்ந்தான். "சிங்கம் தேர் மேல பாயுற மாதிரி."

"அது எங்க பாஞ்சுது?" என்றார் இவர்.

"பாஞ்சுதுண்ணே. எல்லாரும் பாத்தாங்க." அவன் நிமிரவில்லை. "கூண்டு மேல உங்களையும் வைக்கணும். முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

"சாப்பிடட்டுமே தம்பி. காலையில நல்ல வெளிச்சத்துல வாயேன்."

"இன்னைக்கே பாத்துக்கடான்னு குர்தி ஐயா சொல்லிட்டாருக்கா. நாளைக்கு அண்ணன் முகத்தைப் பாக்க முடியாதாம்."

இவர் ரொட்டியைக் கீழே வைத்தார். விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினார்.