சிஸ்டருக்கு இரண்டு கைதான்

பிக்கப் வண்டியின் பின்தட்டில் ரெஜினா வெளிறிப்போய்க் கிடந்தாள். மத்தியானம்தான் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பெற்றாள். குழந்தை நல்லபடி அழுதது, பால் குடித்தது. தாய்க்குத்தான் உதிரம் நிற்கவில்லை. ஊசி போட்டாகிவிட்டது, மருந்தும் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் சிஸ்டர் அனுன்சியாத்தா அவள் தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, முதுகெலும்பைத் தொடுகிற மாதிரி அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அமுக்கினால் உதிரம் நிற்கிறது, கையை எடுத்தால் திரும்பப் போகிறது. நகரத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கவேண்டும்.

மகளின் தலைமாட்டில் தெயோப்பிஸ்தா முக்காடு போட்டு, வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவன் அவள் மருமகன் பொனிஃபாஸ்.

பாகாண்டா இனத்தார் வீடுகளில் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் தொடக்கூடாது. எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கவேண்டும். பேச்சுகூட நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான். மீறித் தொட்டால் ஒபுகோ வரும். கை நடுங்க ஆரம்பிக்கும், சாகும்வரை நிற்காது. தெயோப்பிஸ்தாவின் சித்திக்கு வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சந்தை நெரிசலில் மருமகன் தோளில் இடித்துக்கொண்ட மகராசி, பிறகு ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் குடித்ததில்லை. தெயோப்பிஸ்தாவோ தையல்காரி. கை போனால் பிழைப்பே போச்சு.

அந்தப் பயத்தில்தான் ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கூத்து நடந்தது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பொனிஃபாஸ் பிடித்தான். ஆஸ்பத்திரியின் ஒரே ஆயா பிறந்த குழந்தையோடு உள்ளே தங்கிவிட்டாள், மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. "நீங்க பிடிங்கம்மா" என்று சிஸ்டர் சொன்னதும் தெயோப்பிஸ்தா பாம்பைக் கண்டவள்போலப் பின்னால் போனாள். ஒரே கம்பில் இரண்டு பேர் கையா? கம்பு வழியாக வந்துவிட்டால்? கடைசியில் அவன் மனைவியைக் கையில் ஏந்தி வண்டியில் கிடத்தினான். அவசரத்தில் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே நின்றுவிட்டது. யாருக்கும் அது உறைக்கவில்லை.

வழி நெடுக சிஸ்டர் மெதுவாகப் பாடிக்கொண்டு வந்தார். எந்த வேலை செய்தாலும் பாடுவார். அவருக்குத் தெரியாத வேலை அந்த வட்டாரத்தில் கிடையாது. பிரசவம் பார்ப்பார், பல் பிடுங்குவார், தேனீ வளர்ப்பார். மாவு மில்லின் எஞ்சின் மக்கர் செய்தால் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு அடியில் புகுந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவை அதட்டி மேய்ப்பதும் அவர்தான், சாயங்காலம் பையன்களின் பந்தாட்டத்துக்கு விசில் ஊதுவதும் அவர்தான். "பூசை வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி. சாமியார் விட்டா அதையும் வச்சிடும் அந்த அம்மா" என்று ஜனங்கள் சிரிப்பார்கள். உபதேசியார் மகள். கல்யாணத்துக்குத் துணி எடுத்த வாரத்தில் மடத்துக்கு ஓடிப்போனவர். அப்பா வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கடைசியில் அவர் சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் இந்த மகள்தான்.

சதுப்பு நிலத்துக்கு வந்ததும் வண்டி நின்றது. பாட்டும் நின்றது.

முந்தின நாள் மழையில் நடுப்பாதையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. கோரைக்கு நடுவே பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடியது. பொனிஃபாஸ் இறங்கிப் பார்த்தான். தண்ணீர் தொடைவரை இருந்தது.

"வண்டி போகாது சிஸ்டர். ஆம்புலன்ஸ் எங்கே?"

"அந்தக் கரைக்கு வரச் சொல்லியிருக்கேன். இன்னும் காணோம்."

"வரட்டும், அவங்க வந்து தூக்கட்டுமே."

"தண்ணி ஏறிக்கிட்டிருக்குடா. அவங்க வர்றதுக்குள்ள யாராலயும் கடக்க முடியாது. தூக்கு இவளை!"

அவன் மனைவியைத் தூக்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் ரெஜினாவின் உடம்பு நடுவில் மடங்கியது, சிஸ்டரின் முஷ்டி வழுக்கியது. வெள்ளைப் போர்வையில் சிவப்பு பரவியது.

"வேண்டாம், வேண்டாம், வை! மட்டமாத் தூக்கணும். ஸ்ட்ரெச்சர் எங்கே?"

தெயோப்பிஸ்தா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பாவி, நான் விலகினதால்தானே அது வாசலில் கிடக்கிறது!

சிஸ்டர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் பயத்தை அவள் அதுவரை பார்த்ததேயில்லை.

"ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு, முதுகுக்கும் இடுப்புக்கும் அடியிலே கை கோத்துத் தூக்கணும். நான் கையை எடுக்க முடியாது. எனக்கு ரெண்டு கைதாம்மா இருக்கு."

"சிஸ்டர், அது... மருமகன் கையை நான்..."

"எனக்கும் தெரியும். நானும் இந்த ஊர்க்காரிதானே? ஒண்ணும் வராதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். வந்தா நான் உங்களுக்குச் சோறு ஊட்டுறேன். தையல் மிஷினையும் நானே மிதிக்கிறேன். இவ போயிட்டா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க!"

பொனிஃபாஸ் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்: "சிஸ்டர், அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா கெஞ்சிக் கேக்கறேன்னு சொல்லுங்க."

ரெஜினாவின் உதடு சாம்பல் பூத்திருந்தது. தெயோப்பிஸ்தா முக்காட்டை உதறி இடுப்பில் கட்டினாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்வது சுலபம், செய்கிறவளுக்கல்லவா தெரியும்! கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்தாள். அங்கே அவன் விரல்கள் இருந்தன. குளிர்ந்து, ஈரமாக. பிடித்தாள்.

இறங்கினார்கள். சேறு காலை இழுத்தது. சிஸ்டர் பக்கவாட்டில் சாய்ந்து, அமுக்கிய கையை அசைக்காமல், நண்டுபோல நடந்தார். நடு ஓட்டத்தில் தெயோப்பிஸ்தாவின் கால் பள்ளத்தில் இறங்கியது. அவள் சாய்ந்தாள். பொனிஃபாஸ் அவள் மணிக்கட்டை எலும்பு நோகும்படி இறுக்கி நிறுத்தினான். "மாமி, விட்டுடாதீங்க!" என்று அலறினான். அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ விடாதேடா!" என்று அவளும் கத்தினாள்.

மறுகரைப் புல்லில் மூவரும் மண்டியிட்டு அவளைக் கிடத்தினார்கள். ரெஜினா அசையவில்லை. சிஸ்டர் ஒரு கையால் அமுக்கியபடி மறுகையால் அவள் கழுத்தைத் தொட்டார். தொட்டுக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க சிஸ்டர்! என் மகளே! ரெஜினா!"

தூரத்தில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ரெஜினாவின் இமை துடித்தது. கண் திறந்து தாயைப் பார்த்தது, பிறகு புருஷனைப் பார்த்தது. பிறகு தன் உடம்புக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்து, இன்னும் பின்னிக்கொண்டிருந்த நாலு கையையும் பார்த்தது.

"அம்மா..." காற்றாக வந்தது குரல். "யார் கையைப் பிடிச்சிருக்கே? ஐயோ, வெக்கமா இல்லே? விடு."

"திட்டுறா!" என்றார் சிஸ்டர். சொன்னவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"விடமாட்டேன் போடி" என்றாள் தெயோப்பிஸ்தா. மருமகன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.