பூ இல்லாத டைல்ஸ்

சாந்தாமேரிக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நகையில்லை, பட்டுச்சேலையில்லை. சிரிக்காதீர்கள், ஒரு பாத்ரூம். நாலு சுவரும் தரையும் வெள்ளை வெளேரென்று டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பதினெட்டு வருஷமாக அந்த மாதிரிப் பாத்ரூம்களைத்தான் அவள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் யாரோ குளித்துவிட்டுப் போன சுவரையெல்லாம் பளபளப்பாக்கிவிட்டு, தன் வீட்டுக்கு வந்து பாசி பிடித்த சிமெண்டுச் சுவருக்கு நடுவே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவளுக்குத்தான் அந்த ஆசையின் அருமை தெரியும்.

இந்த வருஷம் அது முக்கால்வாசி கைகூடிவிட்டது. டைல்ஸ் மேஸ்திரி அங்கப்பன் சுவர் முழுக்க வெள்ளை ஒட்டிவிட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வரிசையை மட்டும் காலியாக விட்டிருந்தான். தரையும் பாக்கி.

"வெறும் வெள்ளையா உட்டா வெறிச்சுன்னு இருக்குமுங்க அக்கா. அந்த ஒரு வரிசைக்குப் பூப்போட்ட ஹைலைட்டர் டைல்ஸ் குடுத்தா நொம்ப எடுப்பா இருக்கும். சேலம் போயி நீங்களே பாத்து எடுத்துட்டு வந்துருங்க" என்றான்.

வெளிர் நீலத்தில் சின்னச் சின்னப் பூ. அதை அவள் மனசுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். குறுக்கே நின்றவர் அவள் புருஷன் லாசர்தான்.

லாசர் ஜீப் டிரைவர். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பதினோரு பேரைக் காலையில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். நடுவே ஊர் பார்க்க வருகிறவர்களைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். முப்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்த ஒரு வருஷமாக நிதானம் இன்னும் கூடியிருந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன், மாட்டுவண்டி வேகம். "லாசரண்ணன் வண்டின்னா புள்ளைங்கள நம்பி ஏத்தி உடலாம்" என்று பெற்றவர்கள் சொல்லும்போது சாந்தாமேரிக்குப் பெருமை தாங்காது. வயசானால் மனுஷனுக்குப் பொறுப்பு வரத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனுஷன், வெள்ளை டைல்ஸ் ஏறின நாளிலிருந்து கிறுக்குப் பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். முதல் நாளே வெள்ளைப் பேசினில் இடுப்பை இடித்துக்கொண்டு கத்தினார். மூன்றாம் நாள், அவள் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் மக்கைத் தூக்கித் தோட்டத்தில் எறிந்துவிட்டுப் பழைய சிவப்பு மக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. ஹைலைட்டர் கறுப்புல எடு. இல்லீன்னா கருநீலம். தரையோரத்துக்கும் அதையே ஒட்டச் சொல்லு."

"ஏனுங்க, அது பாத்ரூமா, தார் ரோடா?"

"சொன்னாக் கேளு மேரி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எடுத்த சேலையை, வைத்த குழம்பைக் குறை சொல்லாதவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி மல்லுக்கு நின்றால் அவளுக்கு அழுகை வராதா? வந்தது. நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், இருவரும் ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினார்கள். வழியெல்லாம் அவள் நீலப்பூவைப் பற்றியே நச்சரித்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் திரும்பும்போது எதிரே பஸ் வந்தது. வண்டி வேகம் குறைகிற வழியாக இல்லை.

"ஏனுங்க, பஸ்ஸு!"

அவள் போட்ட கூச்சலுக்கு அப்புறம்தான் பிரேக் விழுந்தது. ஜீப் பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னவோ கேட்டான்.

"வண்டி ஓட்டறவன்கிட்ட வாயாடிட்டே வந்தா இப்படித்தான் ஆவும்" என்றார் லாசர். நெற்றி முழுக்க வியர்வை. தான் பேசிய பேச்சில்தான் இவர் கவனம் சிதறிவிட்டது என்று சாந்தாமேரி நம்பினாள். அடிவாரம் வரைக்கும் வாயே திறக்கவில்லை. 

சேலத்தில் டைல்ஸ் கடை பெரிய கடை. உள்ளே எங்கு பார்த்தாலும் விளக்கு, எங்கு பார்த்தாலும் வெள்ளை. லாசர் நடந்துபோகையில் மேஜை விளிம்பைக் கையால் தொட்டுக்கொண்டே போனார். கீழே இருந்த வெள்ளை அட்டைப்பெட்டியில் கால் தட்டித் தடுமாறினார். கடையில் வியாபாரம் பார்க்கும் பையன் சேகர் ஓடிவந்து பிடித்தான்.

"பாத்து வாங்கண்ணா. அக்காவுக்கு என்ன கலருங்க வேணும்?"

சேகர் மூன்று டைல்ஸ்களை வரிசையாக வைத்தான். மூன்றும் வெள்ளைதான். ஒன்றில் வெளிர் நீலப்பூ, ஒன்றில் இளம் ரோஸ் கொடி, ஒன்றில் இளம் பச்சை இலை. சாந்தாமேரிக்கு நீலப்பூவைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு எதுங்க புடிச்சிருக்குது?"

லாசர் மூன்றையும் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நடுவுல இருக்கறது."

நடுவில் ரோஸ் கொடி இருந்தது. சேகர் அவற்றை எடுத்துவிட்டு வேறு மூன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"இதுல எதுங்க?"

"நடுவுல இருக்கறது."

அவர் டைல்ஸைப் பார்க்கவில்லை, அவள் குரல் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் சாந்தாமேரிக்குப் பட்டது.  பேசினில் இடித்தது, மக்கை எறிந்தது, பஸ்ஸுக்கு முன்னால் ஒரு முழத்தில் நின்றது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மாதாவே, நான் நினைக்கிறது பொய்யாப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே, பக்கத்து அடுக்கிலிருந்து வெறும் வெள்ளை டைல்ஸ் ஒன்றை எடுத்தாள். பூவில்லை, கோடில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. அதை அவர் முன்னால் வைத்தாள். 

"இந்தப் பூ எப்படிங்க இருக்குது?"

லாசர் குனிந்து, நிதானமாகப் பார்த்தார். விரலால் தடவினார். அவருடைய முகம் இளகியது.

"நல்லாத்தான் இருக்குது மேரி. பூ கொஞ்சம் சின்னதாத் தெரியுது. பரவால்ல, உனக்குப் புடிச்சிருந்தா இதையே எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்லல."

சேகர் வாயைத் திறந்தான். சாந்தாமேரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அங்கிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். 

"அதுல பூவே இல்லீங்க" என்றாள்.

லாசர் மறுபடியும் அந்த டைல்ஸை விரலால் தடவினார்.

"எத்தன நாளாங்க?"

"வெளிச்சம் கம்மியா இருக்குது இங்க."

"பொய் சொல்லாதீங்க. எத்தன நாளா?"

சேகர் மெல்ல நகர்ந்து போய்விட்டான். லாசர் அவள் பக்கத்தில் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். போன சித்திரையில் கண் பரிசோதனை முகாமுக்குப் போனாராம். கண்ணுக்குப் போகிற நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம், போனது திரும்ப வராதாம், வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். இருட்டாக ஒன்றும் இல்லையாம். பனி மூடின மாதிரி, கறுப்பு வேறு வெள்ளை வேறு என்று மட்டும் தெரியுமாம்.

"வண்டிய உட்டுட்டா நான் யாரு மேரி? எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?" என்றார். உடனே தலையை நிமிர்த்திக்கொண்டார். "நீ பயப்படாத. இந்த மலையில இருவது வளைவையும் நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்."

"அதத்தானே ஒரு வருசமாப் பண்ணிட்டு இருக்கீங்க!" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அக்கறையில்லை. "பதினோரு புள்ளைங்க! பதினோரு புள்ளைங்கள வெச்சுக்கிட்டுங்க!"

பெருமைப்பட்ட தன்னைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த நிதானத்தை, அந்த ஹாரனை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பக்கத்தில் படுத்துக் கிடந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே! அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேகரைக் கூப்பிட்டாள்.

"கருநீலம் இருக்குதுங்களா? பூவெல்லாம் வேண்டாம். நல்லா அழுத்தமான கருநீலம்."

"இருக்குதுங்க அக்கா. எல்லாரையும் மாதிரி நெஞ்சு உயரத்துக்கு ஒரு வரிசைதானுங்களே?"

"அங்கயும் வேணும். தரையோரம் நாலு பக்கமும், வாசப்படியில, பேசினைச் சுத்தி, கக்கூஸைச் சுத்தி, எல்லாத்துக்கும் போடுங்க."

"அப்படி யாரும் ஒட்ட மாட்டாங்களேக்கா. பாக்க நல்லா இருக்காது."

"எங்க ஊட்டுல ஒட்டுவாங்க."  பதினெட்டு வருஷத்து வெள்ளை அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. அதற்காக வருத்தப்படவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் லாசர் பழக்கத்தில் நேராக டிரைவர் சீட்டுப் பக்கம் போனார். சாந்தாமேரி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாவியக் குடுங்க."

"நீ ஓட்டுவியா?"

"பஸ்ஸுல போலாம். வண்டியும் டைல்ஸும் இங்கயே கெடக்கட்டும், யாரையாவது அனுப்பி எடுத்துக்கலாம். குடுங்க."

லாசர் வண்டிமேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் போட்டார்.

ஏற்காடு பஸ்ஸில் டிரைவர் மரியஅந்தோணி, லாசருக்கு வேண்டியவன். "என்ன லாசரண்ணே, அதிசயமா நம்ம வண்டில? ஜீப்புக்கு என்ன ஆச்சு?" என்று சத்தமாகக் கேட்டான்.

"சர்வீஸுக்கு உட்டுருக்கேன்" என்றார் லாசர்.

சாந்தாமேரிக்குப் பகீரென்றது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவர் அவள் காதருகே குனிந்தார். "மேரி, முழுப் பரிட்சைக்கு இன்னும் இருவது நாளுதான் இருக்குது. அது வரைக்கும் மட்டும் ஓட்டிப்போடறேன். அப்புறம் நானே நிறுத்திக்கறேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

 அவள் முந்தானைக்குள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் மனசு வைத்தால் வேறு சாவி போட்டுக்கொள்ள எத்தனை நாழி ஆகும்? திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்கும். 

பஸ் மலை ஏறிற்று. ஒரு வளைவில், இறங்கி வந்த லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டி நின்றது.

"இது எத்தனாவது வளைவு?" என்று லாசர் கேட்டார்.

"போர்டு உங்க ஜன்னலுக்கு நேராவே இருக்குதுங்க."

லாசர் வெளியே பார்த்தார். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பெரிய எழுத்து. மஞ்சள் பலகையில் வெள்ளை எழுத்து, வெயில் வேறு அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைச் சுருக்கினார், கழுத்தை வளைத்தார், இன்னொரு தடவை பார்த்தார். லாரி கடந்து போயிற்று. பஸ் கிளம்பிற்று. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவு தாண்டியதும், "பொன்னுவேலுக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

பொன்னுவேலின் இரண்டு பிள்ளைகளும் அந்த ஜீப்பில்தான் போகிறார்கள். மற்ற பெற்றோரைச் சேர்த்து வண்டியைப் பேசி விட்டவனும் அவன்தான். சாந்தாமேரி எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

"பொன்னுவேலு, லாசர் பேசறேன். திங்கக்கெழமையிலருந்து புள்ளைங்களுக்கு வேற வண்டி பாத்துக்க." பஸ் இரைச்சலில் அவர் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் கண்ணு தெரியல. இன்னைக்கு நேத்தில்ல, ஒரு வருசமா. தெரிஞ்சேதான் உன்ற புள்ளைங்கள ஏத்திட்டுப் போனேன்."

பஸ்ஸில் பேச்செல்லாம் நின்றுவிட்டது. மரியஅந்தோணி கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

 போனில் பொன்னுவேல் கத்த ஆரம்பித்தான். காதில் வைத்துக் கேட்கக்கூடாத வார்த்தைகள், சாந்தாமேரிக்கே தெளிவாகக் கேட்டன. போனை வாங்கி அணைத்துவிடலாமா என்று கை நீட்டினாள். லாசர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமல், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் திட்டி ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.