எந்த விரலால் வைக்கட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பீன்யா தொழிற்பேட்டையில், ஒரு தகரக்கூரை ஷெட்டில், தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆயுத பூஜையன்று. நான் தேடிப் போகவில்லை. தகடு வெட்டும் என் பக்கத்து பிரஸ் மிஷினில் நடந்தது. எழுத்து எனக்கு நாற்பது தாண்டித்தான் வந்தது. அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும். சிலதை மறைக்காமல் விட்டிருக்கிறேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: கடவுள் கல்லாய் நின்ற அந்த நாளில்—

வேண்டாம். அவர் கல்லில் நிற்கவில்லை. மிஷினின் பக்கவாட்டில், பாகீரதி ஒட்டியிருந்த முருகன் படத்தில் நின்றார். எண்ணெய் ஏறி மயில் கறுத்துப்போயிருந்தது.

2

பாகீரதி ஒன்பது வருஷம் அந்த மிஷினில் தகட்டுக்குப் பொத்தல் போட்டவள். மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒருநாளும் சுவிட்ச் போட்டதில்லை. ஓர் ஆடிச் செவ்வாய், தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். பெடலை ஒருதரம் மிதித்ததற்கு மிஷின் இரண்டுதரம் இறங்கியது. வலது கையில் கட்டைவிரல் தவிர நாலும் போயிற்று.

(இங்கே ரத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். மரத்தூள் போட்டு அள்ளினோம், அவ்வளவுதான்.)

அதற்கப்புறம் தினமும் காலையில் அவள் நெற்றிக்குப் பொட்டு வைப்பது புருஷன் வெங்கடசாமி. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். ஸ்ரீராம்புரத்து வீட்டில், வாசல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பான்.

"ஆடாதடி."

"நான் எங்க ஆடறேன்? உன் கைதான்யா ஆடுது. மூட்டை தூக்கற கை, இத்தினிக்கூண்டு பொட்டுக்கு நடுங்குது பாரு."

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பட்டவள் இப்படியா இருப்பாள்? முதல் தடவை எழுதியபோது அவளை மார்பில் அடித்துக்கொண்டு அழவைத்தேன். முருகன் படத்தைக் கிழிக்கவும் வைத்தேன். பிறகு மனசு கேட்காமல் அவளிடமே போய்ப் படித்துக் காட்டினேன்.

"யாருண்ணா இந்தப் பொம்பளை?" என்றாள்.

"நீதான்."

"நான் எப்ப கிழிச்சேன்?"

"கோபமே வரலையா உனக்கு?"

"வராம இருக்குமா? முருகன்கிட்டதான் கோவிச்சுக்க முடியும். முதலாளிகிட்டயா கோவிச்சுக்க முடியும்?"

அந்தப் பக்கத்தை அடித்தேன். (கடவுள் அவளுக்குப் பதில் சொல்வதாகவும் ஒரு பத்தி இருந்தது. அவர் வாயைத் திறந்தால் எங்கள் சூப்பர்வைசர் பேசுகிற மாதிரியே வந்தது. அதையும் அடித்தேன்.)

4

ஆயுத பூஜைக்கு அவரவர் மிஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பது எங்கள் ஷெட் வழக்கம். பொரி வாங்கக் குடும்பத்தோடு எல்லோரும் வந்திருந்தார்கள். பாகீரதியும் வெங்கடசாமியும் வந்தார்கள். அவள் மிஷினுக்கு மட்டும் யாரும் பொட்டு வைக்கவில்லை.

"நீனே இடப்பா", நீயே வையப்பா என்று முதலாளி கன்னடத்தில் சொல்லி, குங்குமக் கிண்ணத்தை வெங்கடசாமியிடம் நீட்டினார். பாகீரதி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். விரலில்லாத கையால் கிண்ணத்தை மார்போடு அணைத்து, இடது கை மோதிர விரலைக் குங்குமத்தில் தோய்த்தாள்.

"அக்கா, இடது கையாலயா? சாமி குத்தமாயிடும்" என்றான் கூட வேலை பார்க்கும் முனிராஜ்.

"அவன்கிட்டதான்டா கேக்கப் போறேன். நீ சும்மா இரு."

படத்துக்கு முன்னால் குனிந்தாள். கூலிக்கு வந்தவள் மேஸ்திரியிடம் பேசுகிற குரல் அல்ல. மாமியார் வீட்டிலிருந்து வந்த மகள் அப்பாவிடம் பேசுகிற குரல்.

"முருகா, எதிர்த்துக் கேக்கல. தெரியாமத்தான் கேக்கறேன். உனக்குப் பொட்டு வெச்ச விரலைத்தான் எடுத்துக்கிட்ட. இனிமே எந்த விரலால வெக்கட்டும்? இதால வெச்சா ஏத்துக்குவியா?"

பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

5

முடிவு ஒன்று: பல்லி சொல்லிற்று.

பொய். அந்த எண்ணெய் நாற்றத்துக்குப் பல்லி அண்டாது.

முடிவு இரண்டு: வெங்கடசாமி தன் வலது கையை அவள் கைமேல் வைத்தான். இருவருமாகச் சேர்ந்து—

இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பாகீரதி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் கை வெக்க வந்தது நெசந்தான். நான்தான் தள்ளிவிட்டேன். கேட்டவ நானு. அவரும் சேர்ந்து வெச்சா, முருகன் ஏத்துக்கிட்டது யார் கையைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ எப்படித்தான் முடிக்கறது?"

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், இடது கையாலும் பல்லாலும். கையிலிருந்த காயை உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"வெச்சேன்னு எழுதிக்கங்கண்ணா. அது நடந்தது. அவன் ஏத்துக்கிட்டான்னு மட்டும் எழுதிடாதீங்க. நானே இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

ஆகவே: வைத்தாள்.

 

அடுத்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். எழுத நினைக்கிறவர்கள் எழுதலாம். எழுதும் முன்னால் முருகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.