நாற்காலி உயரம்

‘மார்க் போச்சு. ரெண்டு வருஷப் படிப்பும் சேர்ந்து போச்சு’ என்று மனதுக்குள் புலம்பியபடி அவள் சுவரைப் பார்த்தாள். கலை மேலாண்மை முதுகலைக்கான அவளுடைய புராஜெக்ட், பேருந்து நிலையக் காத்திருப்பு அறையில் ஓர் ஓவியக் கண்காட்சி. நேற்று அவள் நாற்காலியில் அமர்ந்து, “என் கண்ணுக்கு நேரா அடிங்க” என்று சொல்லச் சொல்ல, அக்கா வீட்டுக்காரர் ஆணி அடித்தார். இன்று நின்று பார்த்தால் இருபது படங்களும் நெஞ்சுக்குக் கீழே தொங்கின.

“நீங்களாவது சொல்லக் கூடாதா மாமா?”

“மகாராணி உத்தரவு போட்டா எதிர்த்துப் பேச முடியுமா?”

கதவு திறந்ததும் பயணிகள் வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். படங்கள் அவர்கள் கண்ணுக்கு நேரே இருந்தன. “இந்த மாடு முறைக்கிறத பாரு, எங்க மேனேஜரேதான்” என்றார் ஒரு கண்டக்டர். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. ஓர் அம்மாள் அந்த மாட்டுக்காகவே தன் பேருந்தை விட்டுவிட்டாள். மார்க் போச்சு என்ற பயம் எப்போது இறங்கிப்போனது என்று புலம்பியவளுக்கே தெரியவில்லை.

மதிப்பெண் போட வந்த பேராசிரியர் குனிந்து குனிந்து பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா இது? சிறப்பு விருந்தினர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மேல ஏத்திடு.”

மாமா சுத்தியலை எடுத்தார். அவள் அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வேண்டாம் சார். நீங்க உக்காருங்க.”