பிரித்துப் பார்க்காத புடவை

கல்யாண மண்டப வாசலில் காந்தா கால் வைத்ததும் பன்னீர்ச் செம்போடு இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"வேணாம், வேணாம்."

"இன்னாக்கா, இதுக்குப் போயி வெக்கப்படுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி தெளித்துவிட்டாள். ஒரு துளி தோளில், அரக்குப் பட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. துடைத்தால் பரவும். காந்தா அதை வாயால் ஊதி ஊதி உலர்த்தினாள்.

அந்தப் பட்டு அவளுடையதல்ல. நெய்தவர் அவள் அப்பா தணிகாசலம். ஆனால் அவருடையதும் அல்ல. பட்டும் ஜரிகையும் கொடுத்தவர் கடை முதலாளி கோதண்டபாணி. முந்தாநாள் தறியிலிருந்து அறுத்து, மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கடைக்குப் போக வேண்டும். அப்பா பக்கத்து ஊரான கூரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்.

முதலாளி எந்தப் புடவையையும் சும்மா வாங்கமாட்டார். முழுசாகப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முந்தானை முதல் கடைசி வரை விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு கறை கண்டால் போதும், தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் கிடையாது. பாவு வராத தறி வெறும் மரக்கட்டை. பக்கத்து வீட்டுப் பூவராகவனுக்குப் போன வருஷம் அப்படித்தான் பாவு நின்றது. இப்போது அவர் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறார். இவ்வளவும் தெரிந்துதான் காந்தா கட்டிக்கொண்டு வந்தாள்.

கோபம்தான் காரணம். தை மாதம் வேறொரு தோழியின் கல்யாணத்துக்கு மலிவான வாயில் துணிப் புடவையில் போயிருந்தாள். வாசலில் நின்றவர்கள் இவளைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னால் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார்கள். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவளை ஒருத்தர் வந்து எழுப்பினார். "வேலைக்காரங்க எல்லாம் கடைசிப் பந்திமா" என்றார், ரொம்ப அன்பாக. அந்தத் தெருவிலேயே முதல் பி.ஏ. அவள். பட்டத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டா போக முடியும்?

அதனால், கூடப் படித்த அலமுவுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்ததும் முடிவு செய்துவிட்டாள். அம்மா செல்லியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"உங்கப்பன் வவுத்துல அடிக்காதம்மா."

"தாலி கட்டினதும் வந்துடறேன். யாருக்கும் தெரியாது."

"சாப்புடாத. எதுலயும் சாயாத. யாரு கொழந்தையையும் தூக்காத. கேட்டியா?"

ஆனால் பட்டுப் புடவைக்காரியைச் சும்மா நிற்க விடுவார்களா? மரியாதை நாலு பக்கமிருந்தும் வந்து விழுந்தது. சந்தனம் குழைத்த கிண்ணம் நெஞ்சுக்கு நேரே வந்தது. ஈரம் சொட்டும் மல்லிகையை ஒரு கிழவி வலுக்கட்டாயமாகத் தலையில் வைத்தாள். சொட்டும் நீர் முதுகில் இறங்குகிறதா என்று காந்தாவால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. ஆணி துருத்திக்கொண்டிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா, நீங்க போயி நிக்கிறதா" என்றார்கள். யாரோ ஒருத்தி கேட்காமலேயே மடியில் குழந்தையை வைத்துவிட்டுப் போனாள். அதன் வாயெல்லாம் லட்டு. காந்தா அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவமானத்தைத் தாங்கத் தெரிந்த அவளுக்கு இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா மணவறையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் மேல் அரக்குப் பட்டு. பச்சைக் கரை. கரையில் யாளி.

காந்தா தன் கரையைக் குனிந்து பார்த்தாள், அதே யாளி. ஒரு பாவில் மூன்று புடவை வரும். மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே கரை. தறிக்கடியில் தவழ்ந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் கடைக்குப் போன புடவை அப்புறம் யார் மேல் ஏறுகிறது என்று நெசவுக்காரர் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கறை, கசங்கல் எல்லாவற்றையும் யோசித்தவள், இதே பாவில் முதலில் அறுத்துக் கடைக்குப் போன புடவையை மட்டும் மறந்துவிட்டாள்.

சம்பந்தியம்மா நேராக வந்து எதிரில் நின்றாள். காந்தாவின் முந்தானையைப் பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள்.

"சம்பந்தி" என்று அலமுவின் அப்பா வீராசாமியைக் கூப்பிட்டாள். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். "இது மாதிரி ஊர்லயே இன்னொண்ணு கெடையாதுன்னு சொல்லித்தானே எனக்குக் குடுத்தீங்க? வர்றவங்க போறவங்க எல்லாம் கட்டிக்கினு இருக்காங்க."

ரைஸ் மில் வீராசாமிக்கு முகம் செத்துப்போனது. "கடைக்காரரு சாமி மேல சத்தியம் பண்ணித்தான் குடுத்தாருங்க. இதோ, அவரே இருக்காரு."

ஆண்கள் கூட்டத்திலிருந்து கோதண்டபாணி எழுந்து வந்தார். காந்தாவைப் பார்த்தார். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவோடு அவர் கடைப் படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் காத்து நின்றவள். அவள் மடியிலிருந்த குழந்தை லட்டுக் கையை உருவிக்கொண்டது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கோதண்டபாணி கை கூப்பினார். சம்பந்தியம்மாளுக்கு அல்ல, காந்தாவுக்கு.

"சௌக்கியமாம்மா? டாக்டர் ஐயா வரலீங்களா?" என்றவர், சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். "மெட்ராஸ்ல பெரிய டாக்டரு, அவரு பொண்ணுங்க இவங்க. இந்த யாளிக் கரை இவங்க வீட்டுக்குன்னே போடறது. அவங்க கிட்ட அனுமதி கேட்டுத்தான் உங்களுக்கு ஒண்ணு நெய்யச் சொன்னேன். பெரிய மனசு பண்ணி ஒத்துக்கினாங்க."

சம்பந்தியம்மா முகம் மெல்ல இளகியது. "அப்பிடியா, சொல்லக் கூடாதா?" என்று பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்க வீட்டுப் புடவையா எனக்குக் குடுத்தீங்க?"

காந்தா ஆமென்று தலையை ஆட்டினாள்.

மேளம் மறுபடி ஆரம்பித்ததும் கோதண்டபாணி கண்ணைக் காட்டினார். குழந்தையை இறக்கிவிட்டு, பாத்திர அறைக்குப் போகும் நடையில் அவர் நின்றிருந்த இடத்துக்குப் போனாள்.

"எவ்ளோ திமிருடி உனக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "உங்கப்பன இனிமே என் கடை வாசல்ல பாக்கக் கூடாது. பாவும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. இந்த ஊர்ல எவனும் குடுக்க மாட்டான். நான் பாத்துக்கிறேன்."

அப்பா தலையில் மூட்டையோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் முதலாளியின் சட்டையைப் பார்த்தாள். வேர்வையில் கழுத்துப்பட்டி வரை நனைந்திருந்தது.

"அப்போ நான் போயி நெசத்தைச் சொல்லிடறேன் முதலாளி. ஒரே பாவுதான்னு."

"சொல்லு. தறிக்காரன் பொண்ணு பேச்ச எவன் நம்புவான்?"

"தறிக்காரன் பொண்ணுன்னு இங்க யாருக்குத் தெரியும்? டாக்டர் பொண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க. டாக்டர் பொண்ணு சொன்னா நம்புவாங்க."

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. அவர் மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா கூப்பிட்டாள்: "எங்கம்மா போய்ட்டீங்க? உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்கேன்."

"பாவு நிக்கக் கூடாது" என்றாள் காந்தா.

அவர் சரியென்று தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்பு தனக்கல்ல, புடவைக்கு என்று அவளுக்குத் தெரியும். புடவையை அவிழ்த்துவிட்டால் அந்த வாக்கு எவ்வளவு நாள் நிற்கும்?

மறுநாள் காலையில் அப்பா புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவளும் கூடவே போனாள். இருவரும் வழக்கம்போலச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். "வாம்மா" என்றார். "ஏன் அங்கயே நிக்கிற? உள்ள வந்து உக்காரு." வாடிக்கையாளர்கள் உட்காரும் வெள்ளை மெத்தையைக் காட்டினார்.

காந்தா நகரவில்லை. அப்பா அவளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். வெள்ளைத் துணி மூட்டையை நீட்டினார். கோதண்டபாணி அதை வாங்கி, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் அலமாரியில் வைத்தார். "தணிகாசலத்துக்குப் பாவு குடுத்து அனுப்புப்பா" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

"முதலாளி, பிரிச்சுப் பாக்கலீங்களே."

"எதுக்கு? உன் வேலை எனக்குத் தெரியாதா?"

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பாவை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். தேர் நிற்கும் இடம் வரை நடந்தார். அங்கே நின்றார்.

"நேத்து எங்க போன?"

"அலமு கல்யாணத்துக்கு."

"முதலாளி வந்திருந்தாரா?"

"வந்தாரு."

"அப்புறம் அவரு கூட எங்க போன?"

கேள்வி புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தெருவே காலடியில் சாய்ந்தது. கொட்டித் தீர்த்தாள்: புடவை, பன்னீர், சம்பந்தியம்மா, நடையில் பேசிய பேச்சு. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கண் சிமிட்டவில்லை.

"ஒரு புடவைக்கா?" என்றார் கடைசியில். "இருபது வருசமா நானும் எத்தனையோ நெய்ஞ்சு குடுத்துட்டேன். ஒரு நாளாவது உக்காருன்னு சொல்லியிருக்கானா? புடவைக்குப் போயி எவனாவது உக்காரச் சொல்லுவானா?"

"அம்மாவக் கேளுப்பா. அம்மாவுக்குத் தெரியும்."

"அவளுக்கும் தெரியுமா?"

அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பாவைத் தோள் மாற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து காந்தா பார்த்ததே இல்லை. "அப்பா, அம்மாவுக்குப் புடவை விஷயந்தாம்பா தெரியும்" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள்.